ரோட்டு அத்தை வாசனை

காப்பகத்தின் கதவைத் திறந்தால் பாலும் பவுடரும் கலந்த வாசனை வரும். வரத்தானே வேண்டும், உள்ளே இருப்பதெல்லாம் இப்போதுதான் நடக்கக் கற்றுக்கொண்ட பொடிசுகள். ஆனால் இன்னும் நாலடி உள்ளே போய், மதியத்தில் குழந்தைகளைத் தூங்கவைக்கிற கூடத்தில் கால் வைத்தால், அப்போதுதான் போட்ட தார் ரோட்டின் வாசனை அடிக்கும். புதிதாகக் குழந்தையைச் சேர்க்க வருகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள், தெருவில் வேலை நடக்கிறதோ என்று. தெருவில் ஒன்றும் நடக்காது. வாசனை ஓர் ஆளிடமிருந்து வருகிறது. அந்த ஆளுக்குக் குழந்தைகள் வைத்த பெயர் ரோட்டு அத்தை.

ரோட்டு அத்தைக்கு வயது ஐம்பதைத் தொடப் போகிறது. ஒல்லி உடம்பு, ஓயாத வாய். மூக்கைத் துடைக்கும்போதும் பேச்சு, பின்புறம் கழுவும்போதும் பேச்சு. "ஐயோ, யாரு இது, யாரு இப்படி ஒரு மலையையே இறக்கி வச்சது?" என்று அவள் கேட்டால், இறக்கி வைத்த பெரிய மனிதர் வெட்கமே இல்லாமல் கைகொட்டிச் சிரிப்பார். எந்த வெயில் காலத்திலும் மணிக்கட்டு வரை மூடிய முழுக்கைச் சட்டைதான் போடுவாள். மதியம் சின்னச் சின்ன மெத்தைகளை வரிசையாக விரித்துவிட்டு நடுவில் சம்மணம் போட்டு உட்காருவாள். இந்தப் பக்கம் ஒரு முதுகைத் தட்டுவாள், அந்தப் பக்கம் ஒரு தலையைக் கோதுவாள். கொஞ்ச நேரத்தில் கூடமே அடங்கிவிடும்.

ஒருத்தி மட்டும் அடங்கமாட்டாள். கண்ணை உருட்டி உருட்டி விழித்துக்கொண்டே கிடப்பாள். அவளுக்கு அங்கே வேலை பார்க்கிறவர்கள் ஆந்தை என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த ஆந்தையைத் தூங்கவைக்க ஒரே வழிதான். ரோட்டு அத்தை அவளை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும். அவள் அத்தையின் முழங்கை மடிப்பில், சட்டைத் துணிமேல் மூக்கை அழுத்திக்கொள்வாள். இரண்டு தரம் இழுத்து முகர்வாள். அவ்வளவுதான், ஆள் காலி. வேறு யார் தூக்கினாலும் ஊரைக் கூட்டிவிடுவாள்.

அந்தக் கைக்குள்ளேதான் அத்தை காப்பகத்தில் யாருக்கும் சொல்லாத ஒன்றை வைத்திருந்தாள்.

கல்யாணமான புதிதில் வந்தது அது. முழங்கையில் ஒரு பொட்டளவு சிவந்தது. அப்புறம் மேலே வெள்ளையாகச் செதில் கட்டியது. சொறிந்தால் உதிர்ந்தது, உதிர்ந்தால் மறுபடி கட்டியது. பிறகு மற்ற முழங்கை, முழங்கால்கள், காதுக்குப் பின்னால், தலையில் முடி தொடங்கும் ஓரம். உடம்பில் ஒன்று வெளியே தெரிந்துவிட்டால் போதும், பார்க்கிறவர்கள் எல்லோரும் வைத்தியர்களாகிவிடுகிறார்கள். எண்ணெய் தடவு என்றாள் ஒருத்தி, எண்ணெயே ஆகாது என்றாள் அடுத்தவள். சோப்பை மாற்று, தண்ணீரை மாற்று, வீட்டை மாற்று. புருஷனை மாற்று என்று மட்டும்தான் யாரும் சொல்லவில்லை. அவள் போடாத களிம்பு கிடையாது. ஒரு களிம்பு மாயம் போல் ஆற்றியது. நிறுத்தியதும் போனதெல்லாம் சொந்தபந்தத்தோடு திரும்பி வந்தது.

அப்போது அவள் ஒரு கேண்டீனில் பரிமாறும் வேலையில் இருந்தாள். அரைக்கைச் சட்டைதான் அங்கே சீருடை. ஒருநாள் ஒருவர் தன் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு அவளுடைய முழங்கையைப் பார்த்தார். மறுநாள் முதலாளி, "உடம்பைப் பாத்துக்கம்மா, சரியானதும் சொல்லி அனுப்பறேன்" என்றார். அவர் சொல்லி அனுப்பவே இல்லை. அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை அவளுக்குத் தோலுக்கு மேலே இன்னொரு தோல் ஆகிவிட்டது.

அவளைத் தோல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனது புருஷன்தான். அவர் ரோடு ரோலர் ஓட்டுகிறவர். ரோலர் போகிற வேகத்தில்தான் அவர் பேச்சும் போகும். அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் இவள் ஒரு சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவாள். டாக்டரம்மாவின் அறைக்குள் ஒருவரைத்தான் விடுவார்கள் என்றதால் அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "இது சொரியாசிஸ். தொட்டா ஒட்டாது, தூக்கினா ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது. வரும், போகும், மறுபடி வரும். அடக்கி வைக்கலாம். தார்லேர்ந்து எடுக்கிற லோஷன் ஒண்ணு தர்றேன். சாயங்காலம் தடவுங்க, காலைல நல்லா கழுவிடுங்க. ஒண்ணு மட்டும் மறக்கக் கூடாது. தடவின இடத்துல வெயில் படக் கூடாது. பட்டா தோல் வெந்துரும்."

வெளியே அதே நேரத்தில் புருஷனுக்கு வேறு பாடம் நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த டாக்சிக்காரர் தன் அனுபவத்தை அவிழ்த்துவிட்டார். "ஏறினதும் ஜன்னலைத் திறக்கச் சொல்றாங்க சார் சவாரிக்காரங்க. இன்ஜின்லேர்ந்து வருதுன்னு சொல்லிச் சமாளிச்சுக்கறேன். ஆனா ஒண்ணு, இந்தத் தார் லோஷன் வந்தப்புறம்தான் சொறியாம தூங்கறேன்." எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண், தலையணை உறையெல்லாம் மஞ்சளாகிவிட்டது என்றாள். கரும்பழுப்பில் போட்டுக்கொண்டால் கறை தெரியாது என்று இன்னொரு அம்மாள் யோசனை சொன்னாள். முடிவாக எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: மருந்து நல்ல மருந்து, வாசனைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆக, வெயில் சமாச்சாரம் அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லோஷன் வேலை செய்தது. அடியோடு போய்விடவில்லை, பொய் சொல்வானேன். ஆனால் செதில் மெலிந்தது, அரிப்பு அடங்கியது. படுக்கையை உதறினால் மாவு சலித்ததுபோல் உதிர்வது நின்றது. சாயங்காலம் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். முழங்கைக்கும் முழங்காலுக்கும் தானே தடவிக்கொள்வாள். மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க தார் வாசனை. அவருக்கு அது ஒன்றும் புதிதில்லை, வேலை முடிந்து வரும்போது அவரும் அதே வாசனையோடுதான் வருவார். "நான் வெளியேர்ந்து கொண்டாந்தா திட்டுவ. இப்ப நீயே பாட்டில்ல வாங்கி வச்சிருக்க" என்பார்.

காப்பகத்தில் வேலைக்குப் போன முதல் நாள் பொறுப்பாளர் அம்மா மூக்கை உறிஞ்சினார். "என்ன இது, தார் வாசனை?"

அவள் கண்ணிமைக்கிற நேரம்கூட யோசிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் ரோலர் ஓட்டறார் மேடம். எல்லார் துணியும் ஒண்ணாத்தான துவைக்கறது."

பாதி உண்மை. பாதி உண்மை நம்ப வைக்கிற அளவுக்கு முழுப் பொய்யால்கூட நம்ப வைக்க முடியாது. சாயங்காலம் அவளை அழைத்துப் போக அவரே வாசலுக்கு வந்து நின்றார், தார் அப்பிய பூட்ஸோடும் கறுத்த நகங்களோடும். பார்த்தவர்கள் அத்தனை பேரும் தலையாட்டிவிட்டார்கள். குழந்தைகளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ரோட்டு அத்தை என்று கூப்பிட்டார்கள், மடியில் ஏறினார்கள். இப்படியே வருஷங்கள் ஓடின. பெரிய படிப்புப் படிக்கப் போய்விட்ட பிள்ளைகள்கூட ரோடு போடுகிற இடத்தைத் தாண்டினால் அத்தை ஞாபகம் வருகிறது என்று சொல்வார்களாம்.

அப்புறம் அவருக்கு மூட்டு தேய்ந்தது. ரோலரில் ஏறி இறங்க முடியவில்லை. அலுவலகத்தில் இரக்கப்பட்டு அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். மண்வெட்டி, கையுறை, ரோட்டில் வைக்கிற கூம்பு, இதையெல்லாம் எடுத்துக் கொடுத்துத் திருப்பி வாங்கி வைக்கிற வேலை. இஸ்திரி போட்ட சட்டையோடு போய், கசங்காமல் திரும்பினார். அவளுக்குச் சந்தோஷம்தான். வரப்போகிற வினை அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் அவர் பளிச்சென்ற சட்டையோடு காப்பக வாசலில் நிற்கிறார். ஆந்தையின் அம்மா குழந்தையைக் கூட்டிப் போக வந்தாள். கண்ணாடி போட்டவள், எதையும் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்க்கிறவள். அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன சார், இப்பல்லாம் ரோடு வேலை இல்லையா?" என்று கேட்டாள்.

"ஸ்டோருக்கு மாத்திட்டாங்கம்மா. கொஞ்ச நாளாச்சு" என்றார் அவர், பெருமையாக.

கண்ணாடிக்காரி அத்தையின் பக்கம் திரும்பினாள். "அப்ப இந்த வாசனை?"

பேசியே பழகிய வாய் அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. "அது... பழைய துணிங்க... போகவே மாட்டேங்குது" என்று மென்று விழுங்கினாள். கண்ணாடிக்காரி "ஓ" என்றாள். அந்த ஒற்றை எழுத்தில் எவ்வளவு கேள்வி! வீடு வரும்வரை கேண்டீன் மேஜையில் தள்ளி வைக்கப்பட்ட தட்டு அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. அந்த வேலை போனபோது சம்பளம் போயிற்று, அவ்வளவுதான். இது போனால் அத்தனை குழந்தைகளும் போய்விடும். அவளுக்கும் அவருக்கும் சொந்தப் பிள்ளை கிடையாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அவர் அவளைக் கவனித்துக்கொண்டே நடந்தார்.

அடுத்த வாரம் பார்த்தால், காப்பக வாசலில் நிற்கிற மனிதரிடமிருந்து கும்மென்று தார் வாசனை! "என்னங்க இது?" என்றாள். "ஸ்டோர்ல பீப்பாய் வந்து இறங்குது. அதை நகர்த்தறது, இதை நகர்த்தறது" என்றார். அதோடு விட்டாரா? கண்ணாடிக்காரி வருகிற நேரம் பார்த்து, இருக்கிற குரலையெல்லாம் கூட்டி, "இந்தத் தார் என்னை விடவே விடாது போலிருக்கு! வீடெல்லாம் இதே நாத்தம்!" என்று ஒரு போடு போட்டார். வாழ்நாளில் அவர் அவ்வளவு வேகமாகப் பேசியதில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாடா, தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள்.

ஆனால் லோஷன் பாட்டில் லேசாகிக்கொண்டே வந்தது. எப்போதும் வருகிற நாள் வரை வரவில்லை. தடவும்போது சிந்துகிறோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மூடியை இறுக்கினாள். அடுத்த பாட்டிலும் அதேபோல் சீக்கிரம் தீர்ந்தது.

பிறகு ஒருநாள்தான் அவளுக்கு உறைத்தது: இவர் ஏன் வீட்டுக்குள்ளேயும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்?

வீட்டுக்கு வந்தால் பனியனோடு திரிகிற மனிதர். மின்விசிறிக்கு அடியிலேயே பாய் போட்டுப் படுக்கிற மனிதர். புழுங்குகிற மாலையில் மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "சட்டையைக் கழட்டுங்க, துவைக்கணும்" என்றாள். "இருக்கட்டும், நாளைக்கு" என்றார். அவள் விடவில்லை. பொத்தானைத் தானே அவிழ்த்துக் கையைச் சுருட்டினாள்.

முழங்கைக்குக் கீழே தோல் செக்கச்செவேலென்று இருந்தது. ஓரங்களில் வெள்ளையாகத் தோல் உரிந்து தொங்கியது.

"வெயில்... சும்மா வெயில்பா" என்று அவர் அவசரமாகக் கையைக் கீழே இறக்கிக்கொண்டார். அந்த இறக்கம் அவளுக்குப் புதிதா என்ன? எத்தனை வருஷமாக அவளே செய்துகொண்டிருக்கிற காரியம் அது. பாட்டில் ஏன் தீர்ந்தது என்பது புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தாள். இவருக்கும் வந்துவிட்டது. தனக்குத் தெரியாமல் மருந்து போட்டுக்கொள்கிறார். ஒட்டாது ஒட்டாது என்றார்களே, ஒட்டிவிட்டதே!

எத்தனை பேருக்கு அவள் அடித்துச் சொல்லியிருக்கிறாள், டாக்டரே சொன்னார் ஒட்டாதென்று! தானும் அதை நம்பியதால்தானே அத்தனை பிஞ்சுகளையும் தூக்கினாள். ஆனால் கட்டின புருஷனின் கையைப் பார்த்த அந்தக் கணத்தில் அந்த நம்பிக்கை பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. கேண்டீன்காரர் கண்ணில் பார்த்த பயம் இப்போது அவளுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. முழங்கை மடிப்பில் மூக்கை அழுத்திக்கொண்டு தூங்குகிற ஆந்தையை நினைத்தாள். அந்தச் சின்ன மூக்கு. அதன் மேல் சிவப்பாக ஒரு பொட்டு எழுவதுபோல் தோன்றியது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் காப்பகத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். அதற்கடுத்த நாளும் காய்ச்சல். வீட்டில் தன் தட்டைத் தனியாக வைத்தாள், துண்டைத் தனியாகக் காயப்போட்டாள், பாயைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு, கேட்காமலேயே சட்டி பானையெல்லாம் தேய்த்துவைத்தார்.

பொறுப்பாளர் அம்மா போன் செய்தார். "எப்ப வருவ? உன் ஆந்தை நேத்திலேர்ந்து கண்ணை மூடலை. யார் தூக்கினாலும் கையை முகர்ந்து பாத்துட்டு, ஓன்னு அழுவுது."

"அவ உடம்புல ஏதாவது... சிவப்பா கிவப்பா ஏதாவது இருக்கா மேடம்?"

"என்ன கேக்கற நீ? அவளுக்கு என்ன, நல்லா கல்லுக்குண்டு மாதிரி இருக்கா. தூக்கம்தான் இல்லை."

போனை வைத்தவள் அதற்குமேல் தாங்கமாட்டாமல், ஸ்டோரிலிருந்து வந்த மனிதரைச் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை அறைக்குள் ஒருவர்தான் என்கிற சட்டமெல்லாம் அவளிடம் செல்லவில்லை.

"டாக்டர், தொட்டா ஒட்டாதுன்னு சொன்னீங்களே!" உட்காரும் முன்னாலேயே கொட்ட ஆரம்பித்தாள். "இவர் கையைப் பாருங்க. நான் குழந்தைகளைத் தூக்கறேன் டாக்டர். தினம் தூக்கறேன். உண்மையைச் சொல்லிடுங்க. நான் போறதை விட்டுடறேன்."

டாக்டரம்மா அவருடைய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஏங்க, இந்த லோஷனை நீங்க எதுக்குப் போட்டீங்க?"

அவர் திருதிருவென்று விழித்தார்.

"கேக்கறாங்கல்ல, சொல்லுங்க!" என்றாள் இவள்.

"வாசனைக்கு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எதுக்கு?"

ரோலர் மெதுவாகக் கிளம்பியது. "இவ மேல இந்த வாசனை அடிக்குதுன்னு ஒரு அம்மா கேட்டாங்க டாக்டர். நான் ரோட்டுல இருந்த வரைக்கும் எம்மேல பழியைப் போட்டுக்கலாம். இப்ப ஸ்டோர்ல அந்த வாசனைக்கு எங்க போறது? அங்க பீப்பாயும் கிடையாது ஒண்ணும் கிடையாது. அதான்... இவ பாட்டில்லேர்ந்து கொஞ்சம் பழைய இருமல் மருந்து பாட்டில்ல ஊத்தி எடுத்துட்டுப் போயிடுவேன். மதியம் சாப்பிட்டதும் கையில தடவிக்கிட்டு, முற்றத்துல கூம்பெல்லாம் அடுக்கி வச்சுட்டு, அப்படியே நடந்து இவளைக் கூப்பிடப் போயிடுவேன்."

"தடவிக்கிட்டு உச்சி வெயில்ல நின்னீங்களா?"

"வெயில்ல நின்னா வாசனை நல்லா எழும்பும் டாக்டர். தாரோட குணம் எனக்குத் தெரியாதா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே முடியவில்லை. "வர்றவங்க எல்லாரும் இந்த வாசனை போக என்ன வழின்னு கேப்பாங்க. வாசனைக்காகவே இதைப் போட்டுக்கிட்ட ஆளு இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்." பிறகு அவள் பக்கம் திரும்பினார், சிரிப்பு நின்றிருந்தது. "இது உன் சீக்கு இல்லம்மா. வெயில்ல வெந்த தோல். லோஷனை நிறுத்தி, நிழல்ல இருந்தா உரிஞ்சு சரியாப் போயிடும். உன்கிட்டேர்ந்து யாருக்கும் எதுவும் ஒட்டலை. ஒட்டவும் ஒட்டாது. புரிஞ்சுதா?"

புரிந்தது. போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிருக்கு முதல் வேலை அழுவது. டாக்டரம்மாவின் மேஜைமேல் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல், வெந்துபோன கையாலேயே அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அவர் தோளில் இரண்டு அடி வைத்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்னுவ."

"ஆமா, வேணாம்னுதான் சொல்லுவேன்!"

"அதான் கேக்கலை."

கொஞ்ச தூரம் நடந்தார்கள். அவருடைய மூட்டுக்காக அவள் மெதுவாக நடந்தாள். "ஏங்க," என்றாள், "நிஜமாவே ஒட்டிக்கிட்டிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

அவர் யோசித்தார். அவர் யோசிப்பது அடுத்த தெருமுனை வரை நீடித்தது. "என்ன செய்யறது? ரெண்டு பாட்டிலா வாங்குவோம்."

அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள். தனக்காக ஒரு மனிதர் தோலையே வேகவைத்துக்கொண்டு நிற்கும்போது, தான் ஒரு துணிக்குள் ஒளிந்துகொண்டிருப்பதா? நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காப்பகத்துக்குப் போனாள். பொறுப்பாளர் அம்மாவின் அறைக்குள் நுழைந்து, இரண்டு கையையும் முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பொறுப்பாளர் அம்மா அதிர்ந்துதான் போனார். "இத்தனை வருஷம் எங்கிட்ட பொய் சொல்லியிருக்க" என்றார். அந்தக் கோபம் நியாயமான கோபம். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு நீளமாகப் பேசினார். பிறகு சொன்னார், "நீ இங்கதான் இருக்கப் போற. ஆனா பெத்தவங்களுக்குத் தெரியணும். நான் சொல்றதை விட நீயே சொல்லு."

சாயங்காலம் வாசலில் நின்று சொன்னாள். "இந்த வாசனை என்னோடது. எங்க வீட்டுக்காரரோடது இல்லை. எனக்கு சொரியாசிஸ் இருக்கு, அதுக்குப் போடற மருந்து. தொட்டா ஒட்டாது. சந்தேகம் இருந்தா உங்க டாக்டரையும் கேட்டுக்குங்க." சிலர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் என் மாமாவுக்கும் இருக்கிறது என்று ஆரம்பித்து, தான் கேள்விப்பட்ட மருந்தையெல்லாம் வரிசையாகச் சொன்னார். ஒரு தம்பதி தங்கள் குழந்தையின் பையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழந்தை திரும்பி வரவே இல்லை. அதன் மெத்தையை விரிக்கிற இடத்தைப் பார்க்கும்போது அவளுக்கு இன்றைக்கும் வலிக்கும்.

கண்ணாடிக்காரி கடைசி வரை நின்றாள். அந்த முழங்கைகளை இரண்டு தரம் பார்த்தாள். "என் பொண்ணு மூக்கை வச்சுக்கிட்டுத் தூங்கறது இந்தக் கையிலயா?"

"ஆமாங்க."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் ஆந்தை வரவில்லை. ரோட்டு அத்தை மற்ற முதுகுகளைத் தட்டினாள், பேசினாள், சிரிக்கவைத்தாள். மடி மட்டும் காலியாகவே இருந்தது.

அதற்கடுத்த நாள் காலையில் கதவு திறந்தது. கண்ணாடிக்காரியின் கண்ணுக்குக் கீழே கருவளையம், தலை வாரியும் வாராமலும் இருந்தது. இடுப்பில் ஆந்தை. "டாக்டர்கிட்ட நானும் போய்க் கேட்டேன்" என்றாள். "ஒட்டாதாம். அன்னைக்கு நான் கேட்ட விதம்... மனசுல வச்சுக்காதீங்கக்கா." பிறகு அழாத குறையாக, "இவ தூங்கவே மாட்டேங்கறா. நான் எத்தனை தரம் மடியில போட்டாலும் என் கையை மோந்துட்டு அழறா. என்ன செய்வீங்களோ செய்யுங்க" என்று குழந்தையை நீட்டினாள்.

அத்தை கையை நீட்டி வாங்கினாள். இப்போது நடுவில் சட்டைத் துணி இல்லை. ஆந்தை அந்தத் திட்டுகளை விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தாள். "ஊவா?" என்று கேட்டாள்.

"ஆமாடி தங்கம், ஊவா. மருந்து போட்டிருக்கேன்."

சரி என்பதுபோல் முழங்கை மடிப்பில் மூக்கை அழுத்திக்கொண்டாள். இரண்டு தரம் இழுத்தாள். அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்குவதற்குள் ஆள் காலி.

இப்போதெல்லாம் சாயங்காலம் அவளுக்கு மருந்து தடவிவிடுவது அவர் வேலை. தலை ஓரத்திலும் காதுக்குப் பின்னாலும் அவளுக்குக் கண்ணாடியில் சரியாகத் தெரிவதில்லை. அவர் முடியை விலக்கி விலக்கி, ரோடு போடுகிற நிதானத்தில், ஒரு இடம் விடாமல் பூசுவார். முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி அவள் விரட்டுவாள். என்ன கழுவினாலும் விரல் இடுக்கில் வாசனை நிற்கும்.

போன மாதம் புதிதாகக் குழந்தையைச் சேர்த்த ஒரு தகப்பனார் வாசலில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "என்ன சார், ரோடு வேலையா?" என்றார். உள்ளே பைகளைக் கட்டிக்கொண்டிருந்த ரோட்டு அத்தைக்குக் காது அங்கேயே இருந்தது.

"இல்லைங்க," என்றார் அவர், அவசரப்படாமல். "இது என் சம்சாரத்தோட வாசனை."